பனையை எல்லாரும் வரைகிறோம்

பனை, கிணற்றுத் துலா, சங்கடப்படலை (கூரை போட்ட வாசல்), மாட்டுவண்டில், நல்லூர்க் கோபுரம். இந்த ஐந்தில் மூன்று ஒரு படத்துக்குள் வந்துவிட்டால் "யாழ்ப்பாண ஓவியம்" என்று பெயர் விழுந்துவிடும். அது வரையப்பட்ட பொருளுக்கு விழுந்த பெயர். வரைந்த கை யாருடையது என்று அதில் தெரியாது. பத்துப் பேர் வரைந்த பனைகளைக் கையெழுத்தை மறைத்துச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? அநேகமாக முடியாது. ஒரே ரியூசன் கொட்டிலில் ஒரே கரும்பலகையைப் பார்த்து வரைந்த மாதிரி இருக்கும்: நேர்த் தண்டு, உச்சியில் நட்சத்திர ஓலை, பின்னால் செம்மஞ்சள் சூரியன்.

உண்மைப் பனைக்குக் கீழே போய் நின்றால் கதை வேறு. வளர்ந்த பனையொன்றில் 25 முதல் 40 ஓலை வரை நிற்கும். நேரே பார்க்கிற ஓலை விசிறி. பக்கவாட்டில் திரும்பியது கத்தி விளிம்பு மாதிரி ஒல்லி. உச்சியில் குருத்து ஈட்டி போல நிற்கும், கீழே காவோலை பாவாடை மாதிரித் தொங்கும். இத்தனையையும் எந்தப் படத்திலும் போட முடியாது. எதைப் பிடித்தோம், எதை விட்டோம் என்பதில்தான் ஒவ்வொருவருடைய பனையும் பிரியத் தொடங்குகிறது.

பாணி என்றால் ஆன்மா, தேடல் என்று கதைத்தால் விடிய விடியக் கதைக்கலாம். மேசையில் அது மிகச் சாதாரணமான சாமான்: கோட்டை எங்கே நிறுத்துவது, எந்த விளிம்பைக் கூராக விடுவது, எவ்வளவு தாளை வெறுமையாக விடுவது. ஒரு படத்தில் இப்படி நூற்றுக்கணக்கான சின்ன முடிவுகள். அவற்றில் எவை திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்கின்றனவோ, அவற்றின் கூட்டுத்தொகைதான் பாணி. கூட்டுத்தொகை என்றால் எண்ணலாம்.

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். போரில் வீட்டை விட்டு வந்தவர்கள் அந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த நிலப்படம், அதையே கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்த படம், பிறகு அதே வீட்டுக்குச் சனாதனன் உலர் பஸ்ரலில் தீட்டிய ஓவியம். வீடு ஒன்றுதான். எதை வைத்தது, எதை விட்டது என்பதில் மூன்று கையும் மூன்று வழியால் போகின்றன.

முதலில் எண்ணுங்கள்

கடைசியாகச் செய்த 40 படங்களை எடுத்து, பாய் விரித்துப் பரப்புங்கள். நன்றாக வந்தவை மட்டும் போதாது, கொப்பியின் கடைசிப் பக்கக் கிறுக்கலும் வேண்டும். 40 இல்லாவிட்டால் 40 சேரும்வரை வரையுங்கள். ஐந்தாறு படத்தை வைத்துக்கொண்டு பாணி தேடுவது கிணறு வெட்ட முன் வாளி வாங்குகிற வேலை.

ஒரு தாளில் ஏழு நிரல் போடுங்கள். அடிவானம் தாளின் எந்த உயரத்தில் (பத்தில் எத்தனை), மிகப் பெரிய வடிவம் எந்தப் பக்கம், வெறுமையாக விட்ட இடம் எவ்வளவு, முதலில் கோடா நிறத் திட்டா, மிக இருண்ட இடம் எங்கே, மொத்தம் எத்தனை நிறம், விளிம்புகள் கூரா மங்கலா. ஒவ்வொரு படத்துக்கும் நிரப்புங்கள். இரண்டு மணித்தியால வேலை, சலிப்பான வேலை. ஒரே விடை 40-இல் 25 தடவைக்கு மேல் வந்தால் அது பழக்கம்.

பழக்கம் எல்லாம் பாணி ஆகாது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அடிவானம் எப்போதும் நடுவில் விழுந்தால், பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பியை நடுவால் பிரித்துப் பழகியதன் மிச்சமாக இருக்கலாம். எல்லா உருவத்துக்கும் கறுப்பில் சுற்றுக்கோடு ஓடினால், பரீட்சை மண்டபத்தில் நேரம் முடிகிறபோது "எடுப்பாக்க" கற்றுக்கொண்ட வழியாக இருக்கலாம். நிழல் முழுவதும் ஒரே கறுப்பாகவும் வானம் வெறும் வெள்ளையாகவும் இருந்தால் கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். நிழலுக்குள்ளும் வெளிச்சத்துக்குள்ளும் இருக்கிற வேறுபாட்டைக் கண் ஒரே நேரத்தில் பிடிக்கும், கமரா ஒன்றை விட்டுவிடும். கட்டடங்கள் மேலே போகப் போக உள்ளே சாய்ந்தால் அதுவும் போனை அண்ணாந்து பிடித்ததன் வேலை.

பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. ஒரே பொருளை, ஒரு செம்பையோ உரலையோ, மூன்று ஊடகத்தில் செய்யுங்கள்: பென்சில், தடித்த பிறஸ், கத்தரித்து ஒட்டிய தாள். பென்சிலில் மட்டும் இருந்து மற்ற இரண்டிலும் காணாமற் போனது பென்சிலின் குணம். மூன்றிலும் இருப்பது உங்களுடையது. பென்சிலில் வந்த மென்மையான நிழலைத் தன் பாணி என்று பல வருடம் நம்பியிருந்தவருக்குக் கத்தரிக்கோல் பெரிய அதிர்ச்சி கொடுக்கும். ஆனால் வாயை ஒரு பக்கம் சரித்து வைப்பதும், அடியை அகலமாக்குவதும், பொருளைத் தாளின் விளிம்பில் முட்ட விடுவதும் மூன்றிலும் வந்து நிற்கும். அவற்றைக் குறித்து வையுங்கள்.

ஒரே வேலி, 30 தாள்

பாணியைக் கூர்மையாக்கச் சிறந்த வழி ஒரே இடத்தைத் திரும்ப வரைவது. பிரெஞ்சு ஓவியர் மொனே 1890–91-இல் வைக்கோற் போர்களை ஏறத்தாழ 25 கன்வஸ்களில் தீட்டினார். தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலம் 1969-இல், காந்தி நூற்றாண்டுக்காக, காந்தியை மட்டும் நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். நூறாவது காந்தியில் மூக்குக்கண்ணாடி எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்கு யோசிக்க வேண்டி வந்திராது. யோசனை வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

இங்கே வேலியை எடுங்கள். கிளுவைக் கதியால் (வேலிக்கு நட்டுத் தழைத்த தடி), இடையில் கிடுகு, ஒரு மூலையில் தகரத் துண்டு, நாய் போகிற பொட்டு. இவ்வளவும் இருக்கிற வேலி இன்னும் பல ஒழுங்கைகளில் உண்டு, மதில் வர முன் வரைந்து முடியுங்கள். ஏ4 தாளை நடுவால் வெட்டி ஏ5 ஆக 30 தாள். ஒரே கருவி. ஒரு நாளைக்கு ஒன்று, 20 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. முதல் பத்து ஒரே இடம், ஒரே நேரம். அடுத்த பத்து அதே இடம், வேறு நேரம். கடைசிப் பத்து வீட்டுக்குள் இருந்து, பாராமல்.

முதல் நான்கைந்தில் சரியாக வரைய வேண்டும் என்ற பயம் தெரியும். எட்டாவது நாளளவில் அலுப்பு வரும். அந்த அலுப்புத்தான் தேவையானது. அலுத்த கை குறுக்கு வழி தேடும்: கிடுகின் பின்னலை நான்கு சாய்கோட்டில் முடித்துவிடும், கதியாலின் இலைகளை ஒரே திட்டாக்கிவிடும். அந்தக் குறுக்கு வழிகள் ஒவ்வொருவருக்கும் வேறு. பலர் சரியாக இந்த இடத்தில்தான் இடத்தை மாற்றுகிறார்கள், அல்லது போனில் ஒரு படம் எடுத்துவிட்டு நிழலில் இருந்து வரைகிறார்கள், அல்லது 20 நிமிடத்தை 50 ஆக்கி ஒவ்வொரு ஈர்க்கையும் போடுகிறார்கள். மூன்றும் பயிற்சியைக் கெடுக்கும். நேரம் நீண்டால் கைக்கு எதையும் விட வேண்டிய தேவை வராது, விடாவிட்டால் பார்க்க ஒன்றும் இராது.

கடைசிப் பத்தில், பாராமல் வரைந்தபோது, எது மிஞ்சியதோ அதற்கு வட்டம் போடுங்கள். தகரத்தின் துருவா, பொட்டுக்கு அப்பால் தெரிந்த வெளிச்சமா? அடுத்த ஆறு மாதத்துக்கு அதுவே போதும்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது

வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையில் இருந்து வரும் என்று பாடப்புத்தகங்களில் பழகியிருக்கிறோம். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ற் கடைசியிலும் பகல் 12.10 அளவில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். நட்ட கதியாலின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒளிந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நான்கரை மாதம் நண்பகற் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும், வீட்டின் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். மற்ற மாதங்களில் மறுபக்கம்.

இது வானியல் பாடமாகப் படலாம், ஆனால் பாணிக்கு நேரடித் தொடர்பு உண்டு. நண்பகலில் உருவங்களுக்குப் பக்க நிழல் கிடையாது. நெற்றி, தோள், கூரை எல்லாம் வெளுத்து, கண்குழியும் நாடிக்குக் கீழும் இருளும். இடைநிறங்கள் ஏறத்தாழ இல்லாமல் இரண்டே நிறத்திட்டாக உலகம் பிரியும். தட்டையான வடிவங்களில் நாட்டம் உள்ள கைக்கு இது பொன்னான நேரம். உருட்சி காட்ட விரும்புகிறவர் காலை 7 மணிக்கோ பின்நேரம் 5 மணிக்கோ போக வேண்டும். "எனக்கு நிழல் வராது" என்று சொல்கிற பலருக்கு நிழல் வராததன் காரணம் அவர்கள் போன நேரம்.

இன்னொன்று. உரும்பிராய், சுன்னாகம் பக்கம் செம்மண் முற்றத்தில், மதிய வெயில் மண்ணில் பட்டு மேலே தெறிக்கும். தாழ்வாரத்தின் அடிப்பக்கம் சாம்பலாக இராது, செம்மை பூசியிருக்கும். தீவுப்பகுதியின் வெளிர் மணலில் அதே தாழ்வாரம் வெளிறித் தெரியும். நிழல் என்றாலே நீலமும் கறுப்பும் கலப்பது என்று வைத்திருப்பவர் இந்த இரண்டு ஊரையும் ஒரே ஊராக்கிவிடுவார்.

நான்கு நிறமும் கிணற்றுத் தண்ணீரும்

24 குப்பிப் பெட்டி வாங்கினால் 24 நிறத்தையும் தொடத் தோன்றும். ஆறு மாதம் நான்கோடு இருங்கள்: அல்ட்ராமரீன் நீலம், பேர்ன்ற் சியன்னா, யெலோ ஓக்கர், வெள்ளை. குழாயின் பின்புறத்தில் நிறமியின் குறியீடு இருக்கும்: பிபி 29, பிபிஆர் 7, பிவை 43, பிடபிள்யூ 6. "பிரவுன்" என்று மட்டும் எழுதி, குறியீடு இல்லாத மலிவு நிறத்தை நம்பினால் அடுத்த தடவை வாங்குகிற அதே பெயருக்குள் வேறு சரக்கு இருக்கக்கூடும்.

நான்கு நிறத்தில் ஆறு சோடி உண்டு. ஒவ்வொரு சோடியையும் ஐந்து படியாகக் கலந்தால் 30 சதுரம், இரண்டு சென்ரிமீற்றர் அளவில் போட்டால் ஏ4 தாளில் பாதிக்குள் அடங்கும். நீலமும் சியன்னாவும் சேர்கிற வரியின் நடுவில் கறுப்புக்கு மிக அருகே போவீர்கள். அந்தக் கறுப்பு குப்பிக் கறுப்பைப் போலச் செத்துக் கிடக்காது, நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் சுடும். செம்மண் அதே பெட்டிக்குள் இருக்கிறது: சியன்னாவில் ஓக்கர் கொஞ்சம். பச்சை மட்டும் மங்கலாகத்தான் வரும். அந்த மங்கல் பச்சையை ஏற்றுக்கொள்வதா, ஐந்தாவதாக ஒரு மஞ்சள் வாங்குவதா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. அப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டி வருவதற்காகத்தான் நான்கோடு நிறுத்துவது.

நீர்வண்ணக்காரருக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருகிறது. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்குத்தான் சாட்சி. கல்சியம் கூடிய தண்ணீரில் அல்ட்ராமரீன் துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திட்டுத் திட்டாக இறங்கும். மென்மையான வானம் எதிர்பார்த்தவருக்குக் குருணை போட்ட வானம் கிடைக்கும். பிறஸைக் குறை சொல்லுவார்கள், தாளைக் குறை சொல்லுவார்கள். ஒரே தாளில் மூன்று பட்டை போட்டுப் பாருங்கள்: கிணற்றுத் தண்ணீர், அதையே கொதிக்க வைத்து ஆறவிட்டு மேலால் வடித்தது, மழைத்தண்ணீர். கொதிக்க வைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். உவர்க் கிணறென்றால் கொதிக்க வைத்துப் பலனில்லை, உப்பு அப்படியே இருக்கும். மாரி காலத்தில் அது ஈரத்தை இழுத்து, காய்ந்த படத்தையும் பிசுபிசுக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில், முதல் மழையில் கூரை கழுவுப்பட்ட பிறகு, நாலைந்து போத்தலில் பிடித்து மூடி வைத்தால் பல படங்களுக்குக் காணும். ஏ4 படம் ஒன்றுக்கு அரை லீற்றர் தாராளம்.

மூன்று பட்டையையும் பார்த்தபின் குருணை பிடித்தது உங்களுக்கு வடிவாகப் பட்டால், கிணற்றுத் தண்ணீரோடே இருங்கள். கடல், சுண்ணாம்புச் சுவர், பழைய கோட்டையின் கல் எல்லாம் அந்தக் குருணையில் நன்றாக நிற்கும். தெரியாமல் நடக்கும்போது பிழையாக இருந்தது, தெரிந்து செய்யும்போது கையில் ஒரு ஆயுதம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்றில் வெளியில் இருந்து பெரிய பரப்புக்கு நிறம் இழுத்தால், தாளின் மறுமுனைக்குப் போக முன் தொடங்கின இடம் காய்ந்து கோடு விழும். தாளின் இரு பக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டிவிட்டுத் தொடங்கலாம், அல்லது பரப்பைச் சிறு துண்டுகளாக உடைத்து, துண்டுகளுக்கு இடையில் வெள்ளைக் கோடு விடலாம். இரண்டாவது வழியால் போனவர்களின் படங்கள் காலப்போக்கில் கண்ணாடித் துண்டு அடுக்கிய மாதிரி ஒரு தோற்றத்துக்கு வந்துவிடுவதும் உண்டு.

கோடு

30 சென்ரிமீற்றர் கோடு ஒன்றை மூன்று வேகத்தில் இழுங்கள்: ஒரு செக்கனில், ஐந்து செக்கனில், இருபது செக்கனில். வேகக் கோடு தோளில் இருந்து வரும், வளைவு சுத்தமாக இருக்கும், ஆனால் நினைத்த இடத்தில் நிற்காது. மெதுக் கோடு மணிக்கட்டில் இருந்து வரும், நடுக்கத்தையெல்லாம் பதிந்துகொண்டு போகும். ஒரே செம்பை மூன்று வேகத்திலும் வரைந்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பொய்யாகப் படாத வேகம் எதுவோ அதிலேயே வேலை செய்யுங்கள். நடுங்குகிற கோட்டை அழித்துத் திரும்பத் திரும்பப் போட்டு மயிர்க்கோடாக்குவதுதான் மிகப் பொதுவான பிழை. அழிறப்பரை ஒரு மாதம் லாச்சிக்குள் பூட்டுங்கள்.

கருவியும் கையைத் திருத்தும். வான் கோ 1888-இல் பிரான்சின் ஆர்லில் நாணற் பேனாவால் வரைந்த வயல்களில் புள்ளியும் சிறு கீறுமாக இருப்பதற்கு நாணல் கொஞ்சம் மையே பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். இங்கே பனை ஈர்க்கைச் சரிவாகச் சீவி மையில் தோய்த்துப் பாருங்கள். நாலைந்து சென்ரிமீற்றரில் மை வற்றும், கோடு உடையும். ஓலைக்கும் வேலிக்கும் அந்த உடைந்த கோடு தானாகப் பொருந்தும். முகத்துக்குப் பொருந்தாது.

கரிக்கோல் வீட்டிலேயே செய்யலாம். பென்சில் தடிப்பில், காய்ந்த வேப்பங் குச்சியையோ பூவரசங் குச்சியையோ பட்டை உரித்து, பால்மா ரின்னுக்குள் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டு அடுப்பு நெருப்பில் வையுங்கள். துளையால் புகை வரும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் புகை அடங்கும், அப்போது எடுங்கள். ஆறும்வரை மூடியைத் திறக்கக்கூடாது. சூடாகத் திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பல். உள்ளே மண்ணிறம் மிஞ்சி, தாளில் கீறினால் சுரண்டுகிற குச்சி அரைவேக்காடு, திரும்ப வையுங்கள்.

குறையா, பாணியா

கை வரைய வராதவர் எல்லா உருவத்துக்கும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு "என் பாணி" என்பார். சோதிக்கச் சுலபம்: இருபது கையை அளவோடு வரையச் சொல்லுங்கள். வரைய முடிந்து, பிறகும் மறைத்தால் அது முடிவு. முடியாவிட்டால் குறை. குறையை மறைக்கிற பாணி ஐந்தாறு படத்துக்கு மேல் தாங்காது, நிற்கிற ஆளையே திரும்பத் திரும்ப வரைய வேண்டி வரும்.

பிரதி பண்ணுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பண்ணுங்கள், ஆனால் ஒருவரை மட்டும் பண்ணாதீர்கள். தொடர்பில்லாத மூவரை எடுத்து, ஒவ்வொருவரிலும் ஒரு படத்தை முதலில் பார்த்து, அடுத்த நாள் பாராமல், மூன்றாம் நாள் அதே முறையில் உங்கள் வேலியை. மூன்றாம் நாள்தான் முக்கியம், அதை விட்டுவிட்டால் வெறும் நகல்.

காசுக்குச் செய்கிற வேலையை வேறாக வையுங்கள். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அப்பாவின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு பாஸ்போட் அளவுப் படத்தோடு வருகிறவருக்கு அப்பாவின் மூக்குத்தான் வேண்டும், உங்கள் பாணி அல்ல. கட்டம் போட்டு, அளவு பிசகாமல் முகத்தை முடியுங்கள். சால்வையின் மடிப்பிலும் பின்னணியிலும் கை தன் பாட்டில் விளையாடலாம். வெளிநாட்டில் இருந்து வந்து பனையும் துலாவும் கேட்பவருக்கும் கொடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பனை நன்றாக விற்கிறது என்று அதையே அடுத்த வருடப் பாணியாக்கினால் கை அங்கேயே உறைந்துவிடும். 1943-இல் கொழும்பில் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ், இங்கிலாந்தில் வாழ்ந்த பல பத்தாண்டுகளும் இலங்கைக் கடற்கரையைத் தீட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய கரையில் உல்லாசப் பயண அட்டையின் கடலைக் காண முடியாது. மனிதர்கள் அசையாமல் நிற்பார்கள். திரும்பச் செய்வதும் உறைந்து போவதும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசம் பிடிக்க வேண்டுமென்றால் முதலாவதையும் முப்பதாவதையும் பக்கத்தில் வையுங்கள்: ஏழு நிரலில் ஒன்றாவது நகர்ந்திருக்க வேண்டும்.

அதற்கு முதலாவது கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளின் பின்னும் திகதி, இடம், நேரம், தண்ணீர் எது என்று 2பி பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறி முன்பக்கம் வரும். வாடைக் காலத்தில் படங்களைச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள், சுவரின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து மண்ணிறப் புள்ளி விழும். தட்டையாக, இடையில் சுத்தமான தாள் வைத்து, நிலத்தில் இருந்து ஒரு முழமாவது உயரத்தில் வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்டுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். தை பிறந்து வெயில் திரும்பியதும் ஒரு பகல் முழுக்க நிழற்காற்றில் விரித்துப் போட்டு, அப்படியே ஏழு நிரல் தாளையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.